சர்வர் எதற்காகக் காத்திருக்கிறது? யுனிக்ஸ் கணினிகளின் செயல்திறனைக் கவனிக்கும் முறை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வரை நான் பராமரித்து வந்த நாட்களில், ஒவ்வொரு மாதத்தின் கடைசி வாரத்திலும் தவறாமல் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். "ஏனுங்க, பில்லு போடற சர்வர் மறுபடியும் இழுக்குதுங்க. புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டரலாமுங்களா?" என்று அங்கிருந்த கணக்கு மேலாளர் கேட்பார். அவருடைய அவசரம் நியாயமானது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டிய கன்டெய்னர் வாசலில் நிற்க, அதற்குரிய ஆவணங்கள் திரையில் சுழன்றுகொண்டிருக்கும். ஆனால் புதிய சர்வர் வாங்கினால் தொல்லை தீருமா என்பதற்கு விடை சொல்ல வேண்டுமென்றால், பழைய சர்வர் எதற்காகக் காத்திருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதைக் கண்டறியும் முறையை, லினக்ஸ் முதலான யுனிக்ஸ் குடும்பக் கணினிகளை இப்போதுதான் கையாளத் தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

காத்திருத்தல் என்ற சொல்லைக் காரணத்தோடுதான் பயன்படுத்துகிறேன். ஒரு வேலை முடிவதற்கு ஆகும் நேரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, அந்த வேலை உண்மையாகவே நடக்கும் நேரம். மற்றொன்று, தன் முறை வரும்வரை அது வரிசையில் நிற்கும் நேரம். நேற்று 2 நொடியில் திறந்த பக்கம் இன்று 20 நொடி எடுத்துக்கொள்கிறது என்றால், வேலையின் அளவு பத்து மடங்கு பெருகியிருப்பது அரிது. பெரும்பாலும் வரிசைதான் நீண்டிருக்கும். எனவே செயல்திறனைக் கவனிப்பது என்பது, எந்த இடத்தில் வரிசை நிற்கிறது, அந்த வரிசையில் நிற்பவர் யார், அதை நீளச் செய்தவர் யார் என்று தேடுவதே.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. நூல் வாங்கி, நிட்டிங்கில் துணியாக்கி, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங் முடித்து, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு ஆர்டர் நகர்கிறது. ஆர்டர் தாமதமாகும்போது அனுபவமுள்ள மேற்பார்வையாளர் எல்லாப் பிரிவுகளையும் விரட்டுவதில்லை. குவியல் எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறார். வெட்டிய துணிக்கட்டுகள் தையல் பிரிவின் வாசலில் மலைபோல் கிடந்தால், அங்கே ஆள் போதவில்லை என்று பொருள். அந்த நிலையில் புதிதாக ஒரு கட்டிங் மேசையை வாங்கிப் போட்டால் குவியல் இன்னும் உயருமே தவிர, ஒரு பெட்டிகூட முன்னதாகப் புறப்படாது. சர்வரின் உள்ளேயும் இதே போன்ற பிரிவுகள் நான்கு இருக்கின்றன: கணக்குப் போடும் சிபியு, வேலைக்கு வேண்டிய தரவைக் கையருகில் வைத்துக்கொள்ளும் நினைவகம், நிரந்தரமாகச் சேமிக்கும் டிஸ்க், வெளியுலகோடு பேசும் வலையமைப்பு. இந்த நான்கில் எதன் வாசலில் குவியல் இருக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கருவியைத் தொடுவதற்கு முன்பு மனிதர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. எந்தத் திரை தாமதமாகிறது, எத்தனை நொடி, எப்போதிலிருந்து, எல்லோருக்குமா அல்லது ஒருவருக்கு மட்டுமா, அண்மையில் என்ன மாற்றப்பட்டது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் தொடங்கினால், மூன்று மணி நேரம் எண்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மேசையின் நெட்வொர்க் கேபிள் பழுதாகியிருந்ததைக் கண்டுபிடிப்போம்.

வரிசை ஏன் திடீரென்று நீள்கிறது

தொடக்க நிலையில் உள்ளவர்கள் பலரும் ஒரு இயந்திரம் 90 சதவீதம் பயன்பாட்டில் இருந்தால் இன்னும் 10 சதவீதம் மிச்சம் இருக்கிறது, ஆகவே கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். இந்த ஒரு தவறான எண்ணமே மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர் என்பது என் கருத்து. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பல்லடம் சாலையில் ஒரு நூற்பாலையின் வாசலில் ஒற்றை எடை மேடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லாரியை எடை போட 5 நிமிடம் ஆகிறது. லாரிகள் கடிகாரம் பார்த்து 5 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் லாரிகள் அப்படி வருவதில்லை. சில நேரம் மூன்று லாரிகள் சேர்ந்து வரும், சில நேரம் அரை மணி நேரம் ஒன்றுமே வராது. இப்படி ஒழுங்கின்றி வருபவற்றை ஒரே ஒரு மேடை கவனிக்கும்போது, எடை போடும் நேரமும் லாரிக்கு லாரி கூடிக் குறையுமானால், ஒரு லாரி உள்ளே வந்து வெளியேறும்வரை ஆகும் சராசரி நேரத்தை ஒரு எளிய கணக்கால் மதிப்பிடலாம்: எடை போடும் நேரத்தை, ஒன்றிலிருந்து மேடையின் பயன்பாட்டைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். மேடை பாதி நேரம் வேலையாக இருந்தால், 5 நிமிடத்தை 0.5 ஆல் வகுத்து 10 நிமிடம் வரும். 80 சதவீதம் வேலையாக இருந்தால் 25 நிமிடம். 90 சதவீதம் என்றால் 50 நிமிடம். 95 சதவீதம் என்றால் 100 நிமிடம்.

கடைசி இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். பயன்பாடு 90-லிருந்து 95-க்கு, அதாவது வெறும் 5 சதவீதப் புள்ளி உயர்ந்ததற்கு, லாரி வெளியேற ஆகும் நேரம் இரட்டிப்பாகிவிட்டது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு, நாலு பேர்தான் புதுசா சேர்ந்தாங்க" என்று பயனர்கள் சொல்வது இந்தக் கணக்கின் மறுவடிவம். இந்த வரிசைக் கணிதத்துக்கு அடித்தளம் இட்டவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அக்னர் எர்லாங். இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1909-இல் வெளிவந்தது. சிபியு பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதன் வரிசைக்கான கணக்குத் தயாராக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது. மேடைகள் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகினால் இந்த ஏற்றம் மென்மையாகும். ஆனால் முழுப் பயன்பாட்டை நெருங்கும்போது வரிசை செங்குத்தாக எழுவது மாறாது.

லோடு ஆவரேஜ் என்னும் மூன்று எண்கள்

யுனிக்ஸ் கணினியில் நுழைந்தவுடன் பெரும்பாலோர் முதலில் தட்டும் கட்டளை அப்டைம் அல்லது டாப். டாப் என்ற கருவியை வில்லியம் லெஃபெவர் 1984-இல் எழுதினார். அது இன்றளவும் ஏறத்தாழ எல்லா யுனிக்ஸ் கணினிகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இரண்டுமே லோடு ஆவரேஜ் என்று மூன்று எண்களைக் காட்டும். அவை முறையே கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் ஆகியவற்றின் சுமையைக் குறிக்கின்றன. இந்த அளவு யுனிக்ஸின் சொந்தப் படைப்பு அன்று. டெனெக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் இருந்தது, 1973-இல் வெளியான இணைய ஆவணம் ஒன்றிலேயே அது விளக்கப்பட்டிருக்கிறது.

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலையும் ப்ராசஸ் என்பார்கள். சுமை என்பது இங்கே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களையும், ஓடத் தயாராகிச் சிபியுவுக்காக வரிசையில் நிற்பவற்றையும் சேர்த்து எண்ணிய எண்ணிக்கை. ஆகவே அந்த எண்ணைத் தனியாகப் படித்தால் பொருள் கிடைக்காது. கணினியில் எத்தனை சிபியு கோர்கள், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் அலகுகள், உள்ளன என்பதோடு ஒப்பிட வேண்டும். என்ப்ராக் (nproc) என்ற கட்டளை அதைச் சொல்லிவிடும். 2 கோர் உள்ள கணினியில் சுமை 8 என்றால் ஒவ்வொரு கோருக்கும் நான்கு பேர் போட்டியிடுகிறார்கள். 16 கோர் உள்ள கணினியில் அதே 8 என்றால் பாதி மேடைகள் காலியாக இருக்கின்றன. மூன்று எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது இன்னும் பயன் தரும்: முதல் எண் பெரிதாகவும் கடைசி எண் சிறிதாகவும் இருந்தால் சுமை இப்போதுதான் ஏறுகிறது, மாறாக இருந்தால், நாம் உள்ளே நுழைவதற்குள் தொல்லை வடியத் தொடங்கிவிட்டது. இவை நேரான சராசரிகள் அல்ல, பழைய அளவுகளின் பங்கு படிப்படியாகத் தேய்ந்து வரும் வகையில் கணக்கிடப்படுபவை. அதனால், ஒன்றும் ஓடாத கணினியில் சிபியுவை முழுவதும் பிடிக்கும் ஒரே ஒரு ப்ராசஸைத் தொடங்கினால், ஒரு நிமிடம் கழித்து முதல் எண் 1 என்று காட்டாமல் சுமார் 0.63 என்றுதான் காட்டும்.

லினக்ஸில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. 1993-இல் செய்யப்பட்ட ஒரு மாற்றத்துக்குப் பிறகு, சிபியுவுக்காக நிற்பவற்றோடு, இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களும் சுமையில் எண்ணப்படுகின்றன. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பி.எஸ். கட்டளையின் வெளியீட்டில் இவற்றின் நிலை டி என்ற எழுத்தால் குறிக்கப்படும். பெரும்பாலும் இவை டிஸ்கிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருப்பவை. சோலாரிஸ் போன்ற இயங்குதளங்களில் லோடு ஆவரேஜ் சிபியுவின் வரிசையை மட்டுமே சொல்ல, லினக்ஸில் அது டிஸ்கின் வரிசையையும் கலந்து சொல்கிறது. இது தெரியாமல், சுமை உயர்ந்தவுடன் அதிகக் கோர்கள் கொண்ட சர்வரை வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருப்பூர் சர்வரில் அந்த மாதக் கடைசியில் நான் கண்டது இதுதான்: கோர்கள் 8, லோடு ஆவரேஜ் 21, 19, 12. மேலாளர் அதைப் பார்த்துவிட்டுத்தான் புதிய சர்வர் பற்றிப் பேசினார். ஆனால் சிபியுவின் உழைப்பு 15 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை.

சிபியுவின் நேரம் எங்கே போகிறது

அந்த 15 சதவீதத்தைக் காட்டிய கருவி விஎம்ஸ்டாட். இது பெர்க்லி பல்கலைக்கழக யுனிக்ஸ் வழியில் வந்தது. கட்டளைக்குப் பின்னால் 1 என்ற எண்ணைச் சேர்த்தால் நொடிக்கு ஒரு வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். முதல் வரியை எப்போதும் விட்டுவிட வேண்டும். அது கணினி தொடங்கிய நாள்முதல் உள்ள சராசரி, இந்த நொடியின் நிலை அன்று. இடது ஓரத்தில் ஆர், பி என்ற எழுத்துகளின் கீழ் இரண்டு எண்கள் இருக்கும். ஆர் என்பது சிபியுவில் ஓடுபவற்றின், ஓடக் காத்திருப்பவற்றின் எண்ணிக்கை. பி என்பது டிஸ்க் போன்றவற்றுக்காக முடங்கி நிற்பவற்றின் எண்ணிக்கை. லோடு ஆவரேஜ் ஒன்றாகக் கலந்து சொன்னதை இந்த இரண்டு எண்களும் பிரித்துச் சொல்லிவிடுகின்றன. அன்று ஆர் 2-ஐச் சுற்றியும், பி 17-ஐச் சுற்றியும் இருந்தன. குவியல் எந்த வாசலில் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

வலது ஓரத்தில் சிபியு நேரத்தின் பங்கீடு சதவீதமாக வரும். யுஎஸ் என்பது பயன்பாட்டு மென்பொருள்கள் எடுத்துக்கொண்ட நேரம். எஸ்ஒய் என்பது அவற்றின் சார்பில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் செலவிட்ட நேரம். ஐடி என்பது ஓய்வு. டபிள்யூஏ என்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. டிஸ்க் வேலை முடியாமல் நிலுவையில் இருக்க, அதே நேரம் சிபியு வேறு வேலையின்றிச் சும்மா இருந்த நேரமே அது. எனவே அதுவும் ஒருவகை ஓய்வுதான். சிபியுவைப் பிடித்துக்கொள்ளும் வேறொரு வேலை வந்துவிட்டால், டிஸ்க் முன்போலவே திணறிக்கொண்டிருந்தாலும், டபிள்யூஏ குறைந்துவிடும். அது உயர்ந்திருந்தால் டிஸ்கைச் சந்தேகிக்கலாம்; அது தாழ்ந்திருப்பதை வைத்து டிஸ்க் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. எஸ்டி என்பது மெய்நிகர் கணினிகளுக்கு உரியது. ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் அண்டை வீட்டாருக்கு நம் முறை போய்விட்ட நேரம். வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரில் இந்த எண் தொடர்ந்து சில சதவீதத்துக்கு மேல் நின்றால், நம் மென்பொருளில் குறை தேடுவதற்கு முன்பு, அதை அளிப்பவரிடம் கேட்பதே முறை.

இன்னொரு மறைவிடமும் உண்டு. 8 கோர்களில் ஒன்று மட்டும் முழுவதும் வேலையாக இருந்து, மற்ற ஏழும் சும்மா இருந்தால், மொத்தப் பயன்பாடு 12.5 சதவீதம் என்றே தெரியும். ஒரே இழையில் ஓடும்படி எழுதப்பட்ட மென்பொருளுக்கு அந்த ஒரு கோர்தான் உலகம்; அது நிரம்பிவிட்டால், மற்ற ஏழு காலியாக இருந்தும் பயனில்லை. டாப் ஓடும்போது 1 என்ற எண்ணை அழுத்தினால் கோர்கள் தனித்தனியே தெரியும். ஒற்றை மெஷினில்தான் தைக்க முடியும் என்ற வேலைக்கு நூறு மெஷின் உள்ள கூடத்தைத் திறந்துவிட்டாலும் அது ஒற்றை மெஷினின் வேகத்தில்தான் நடக்கும்.

நினைவகம் குறைந்துவிட்டது என்ற அச்சம்

ஃப்ரீ என்ற கட்டளையைத் தட்டிப் பார்த்து, 32 ஜிபியில் வெறும் அரை ஜிபிதான் காலியாக இருக்கிறது என்று பதறுவது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறை நேர்வது. லினக்ஸ் காலி இடத்தைச் சும்மா வைத்திருப்பதில்லை. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளின் நகலை அங்கே வைத்துக்கொள்கிறது, மறுமுறை யாராவது கேட்டால் டிஸ்குக்குப் போகாமலே கொடுத்துவிடுகிறது. கிடங்கில் மூட்டை வராத நாட்களில் அங்கே தார்ப்பாய் விரித்து மஞ்சள் காயவைப்பது போன்றது அது. மூட்டை வந்தால் இடம் உடனே காலியாகிவிடும். எனவே ஃப்ரீ என்ற தலைப்பின் கீழ் உள்ள எண்ணைப் பார்க்காமல், அவெய்லபிள் என்ற தலைப்பின் கீழ் உள்ளதைப் பார்க்க வேண்டும். புதிய வேலைக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்ற இந்த மதிப்பீட்டை 2014-இல் வந்த 3.14 பதிப்பு முதல் கெர்னலே கணக்கிட்டுத் தருகிறது.

நினைவகம் உண்மையிலேயே போதாதபோது வேறு அறிகுறிகள் தோன்றும். விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு எண்கள், நினைவகத்துக்கும் டிஸ்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்கும் இடையே எவ்வளவு நகர்கிறது என்பதைச் சொல்கின்றன. எப்போதோ ஒருமுறை எழுதி ஒதுக்கப்பட்டது தொல்லையில்லை. இரண்டும் நொடிக்கு நொடி பூச்சியமல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், கணினி தன் நேரத்தை இடம் மாற்றுவதிலேயே செலவிடுகிறது. அதையும் தாண்டினால் கெர்னல் ஏதாவது ஒரு பெரிய ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். டேட்டாபேஸ் காரணமின்றி நின்றுபோனதாகத் தோன்றும் நாட்களில், டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் அதன் பதிவு கிடைக்கும். 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னல் முதல், சிபியு, நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே அழுத்த அளவு ஒன்று ப்ராக் கோப்பகத்துக்குள் கிடைக்கிறது. கடந்த 10 நொடியில், 60 நொடியில், 300 நொடியில் எத்தனை சதவீத நேரம் வேலைகள் அந்த வளத்துக்காக முடங்கின என்று அது நேரடியாகவே சொல்கிறது. காத்திருப்பை அளப்பதற்கு இதைவிட நேர்மையான எண் லினக்ஸில் இல்லை என்று நினைக்கிறேன்.

டிஸ்க்

டிஸ்கின் தாமதம் ஏன் இவ்வளவு கொடுமையானது என்பது காலத்தின் அளவைப் பெருக்கிப் பார்த்தால் புரியும். ஒரு நானோநொடியை ஒரு நொடியாக நீட்டி வைத்துக்கொள்வோம். அப்போது நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெறுவதற்கு ஏறத்தாழ 100 நொடி, அதாவது ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். சுழலும் பாகம் இல்லாத டிஸ்க் வகையான எஸ்எஸ்டியிலிருந்து பெறுவதற்கு ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்கின் 10 மில்லிநொடியோ 115 நாளாகிவிடும். கீழ்பவானி வாய்க்காலில் நன்செய்க்குத் தண்ணீர் திறந்து, நாற்று நட்டு, கதிர் அறுக்கும் 120 நாளுக்கு மிக நெருங்கிய காலம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. வேண்டிய இடம் தலையின் கீழ் வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகளை நொடிக்கு நூறு அளவில்தான் அதனால் படிக்க முடியும். விலை உயர்ந்த சிபியு அதை மாற்றாது.

ஐஓஸ்டாட் கட்டளையோடு எக்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு டிஸ்கின் நிலையும் விரிவாகத் தெரியும். அதில் அவெய்ட் என்று முடியும் எண்களே நான் முதலில் பார்ப்பவை. ஒரு கோரிக்கை வரிசையில் நின்ற நேரமும் நிறைவேறிய நேரமும் சேர்ந்து எத்தனை மில்லிநொடி என்பதை அவை சொல்கின்றன. யுட்டில் என்று முடியும் சதவீதம், குறைந்தது ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்த நேரத்தின் பங்கு மட்டுமே. ஒற்றை ஹார்ட் டிஸ்குக்கு அது பொருத்தமானது. ஆனால் ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும் எஸ்எஸ்டியோ, பல டிஸ்க் சேர்ந்த தொகுப்போ 100 சதவீதம் காட்டியும் இன்னும் நிறைய வேலையை ஏற்கும் நிலையில் இருக்கலாம்.

வலையமைப்பைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். உள் அலுவலகச் சர்வர்களில் கம்பியின் முழு அகலமும் நிரம்புவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தவறவிடப்பட்ட தரவுப் பொட்டலங்களும், மறுபடி அனுப்பப்படுபவையும், கணினிப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சர்வர் பதில் தராமல் காத்திருப்பதுமே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்.

பவானிசாகரின் பலகை

கொங்கு நாட்டில் உழவரல்லாதவர்கள்கூடப் பவானிசாகர் அணையின் நிலவரத்தைச் செய்தித்தாளில் பார்க்கும் பழக்கம் உடையவர்கள். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று மூன்று எண்கள் வரும். அணையின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. ஆனால் இன்று 90 அடி என்ற செய்தி நன்செய் நடத் துணிச்சல் தருகிறதா இல்லையா என்பது, சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது, வரத்து வெளியேற்றத்தைவிடக் கூடுதலா குறைவா என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். தனி எண்ணுக்குப் பொருள் இல்லை. பதிவேடுதான் அதற்குப் பொருள் தருகிறது.

சர்வருக்கு அந்தப் பதிவேடாக அமைவது சார் என்ற கருவி. அது சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ் வழியில் வந்தது. லினக்ஸில் செபாஸ்டியன் கோடார் உருவாக்கிய சிஸ்ஸ்டாட் தொகுப்பின் பகுதியாகக் கிடைக்கிறது. நிறுவி இயக்கிவிட்டால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை சிபியு, நினைவகம், டிஸ்க், வலையமைப்பு ஆகியவற்றின் அளவுகளை நாள்வாரியாகக் கோப்பில் எழுதி வைக்கும். சில லினக்ஸ் வகைகளில் நிறுவுவது மட்டும் போதாது, அமைப்புக் கோப்பில் அதை இயக்கவும் வேண்டும். அதைச் செய்தோமா என்று மறுநாளே சரிபார்த்துவிடுவது நல்லது. நான் புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு சர்வரிலும் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டு, பதிவுகளைக் குறைந்தது இரண்டு மாதம் அழிக்காமல் வைத்திருக்கும்படி மாற்றிவிடுவேன். மாதக் கடைசியை முந்திய மாதக் கடைசியோடுதான் ஒப்பிட வேண்டும். 10 நிமிடச் சராசரியில் ஒரு நிமிட நெரிசல் கரைந்து காணாமற்போய்விடும் என்பதால், தொல்லை உள்ள சர்வரில் இடைவெளியை 1 நிமிடமாகக் குறைப்பதும் தகும். அதனால் கூடும் சுமை மிகச் சிறியது.

எண்களைப் படிக்கும்போது எதையும் விட்டுவிடாதிருக்க கணினிச் செயல்திறன் வல்லுநர் பிரெண்டன் கிரெக் வகுத்த முறை உதவும். ஒவ்வொரு வளத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறது, வரிசை நிற்கிறதா, பிழைகள் உண்டா. மூன்றாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பல டிஸ்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு கார்டில் உள்ள பேட்டரி பழுதானால், மின்தடையில் தரவு தொலையக் கூடாது என்பதற்காக அந்தக் கார்டு, எழுத வேண்டியதைத் தற்காலிகமாகத் தாங்கி வைக்கும் தன் கேஷைப் பெரும்பாலும் தானாகவே நிறுத்திவிடும். அன்றுமுதல் எழுதும் வேலை ஒவ்வொன்றும் டிஸ்கைத் தொட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மெதுவாக. அதுபோல ஈரோட்டுச் சித்திரை வெயிலில் சர்வர் அறையின் ஏசி நின்றுபோனால், சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இவை இரண்டும் பயன்பாட்டு எண்களில் நேராகத் தெரியாது. பிழைப் பதிவில்தான் தெரியும்.

திருப்பூர் சர்வரில் சார் பதிவுகளைப் புரட்டியபோது, டிஸ்கின் காத்திருப்பு காலை 10:30 வரை 6 மில்லிநொடி அளவில் இருந்து, பிறகு 90-ஐத் தாண்டி, பிற்பகல் ஒரு மணிக்குத் தணிவது தெரிந்தது. அது மாதக் கடைசியில் மட்டுமல்லாமல், ஒவ்வொரு வேலைநாளும் நடந்திருந்தது. பிட்ஸ்டாட் கட்டளையில் டிஸ்க் பயன்பாட்டை ப்ராசஸ்வாரியாகக் கேட்டபோது காரணம் வெளிப்பட்டது. டிசைன் பிரிவின் படங்களை வேறொரு கணினிக்கு நகலெடுக்கும் வேலையை யாரோ சில ஆண்டுகளுக்கு முன்பு காலை 10:30-க்கு அமைத்திருந்தார்கள். அன்று சில நூறு படங்கள் இருந்திருக்கும். இப்போது பல லட்சம் சிறு கோப்புகள், அவையும் சுழலும் டிஸ்கில். மற்ற நாட்களில் பில் போடுவதற்கு வேண்டிய தரவு நினைவகத்தில் நகலாக இருந்ததால் யாருக்கும் தொல்லை தெரியவில்லை. மாதக் கடைசியில் கணக்கு அறிக்கைகள் முழு ஆண்டின் தரவையும் கேட்கும். அதை டிஸ்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் டிஸ்கின் வாசலில் பல லட்சம் படங்கள் வரிசையில் நிற்கும்.

நகலெடுக்கும் வேலையை இரவு 1 மணிக்கு மாற்றினோம். வேறெதையும் அந்த வாரம் தொடவில்லை. இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாமற்போகும். அடுத்த மாதக் கடைசியில் காத்திருப்பு 10 மில்லிநொடிக்குள் நின்றது, லோடு ஆவரேஜ் 3-ஐத் தாண்டவில்லை, மேலாளரின் அழைப்பு வரவில்லை. ஆனாலும் ஒரே ஒரு அறிக்கைக்கு மட்டும் இன்னும் 40 நொடி ஆனது. டாப்பில் கோர்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஏழு சும்மா இருக்க, ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. மென்பொருளை எழுதியவர்களிடம் அந்தப் பதிவைக் காட்டினோம். டேட்டாபேஸில் வாடிக்கையாளர் எண்ணுக்கு இன்டெக்ஸ் (தேடும் பதிவை நேராகக் காட்டும் அகராதிப் பட்டியல் போன்றது) இல்லாததால், ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதையும் முதலிலிருந்து படித்து வந்தது என்று அவர்கள் கண்டார்கள். இன்டெக்ஸைச் சேர்த்த பிறகு அந்த அறிக்கை 3 நொடியில் வரத் தொடங்கியது. சர்வர் அதே பழைய சர்வர்தான்.